உறை பிரிக்கும் முன்னே

ஆஸ்கர் வாக்குப்பதிவு முடிந்து ஐந்து நாளாகிறது. அமெரிக்க நேரப்படி செவ்வாய்க்கிழமை மாலை. நமக்கு அது புதன் காலை. யாருக்கு எந்த விருது என்பது இந்நேரம் தீர்மானமாகிவிட்டது. வாக்குகளை எண்ணிய கணக்காய்வு நிறுவனத்தில் ஓரிருவருக்கு மட்டும் அது தெரியும். நாளை திங்கட்கிழமை காலை 8 மணிக்கு, நம்மில் பாதிப் பேர் கூட்டரசு நெடுஞ்சாலையில் நகராத காருக்குள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் டால்பி அரங்கில் விழா தொடங்கிவிடும். அதுவரைக்கும் உள்ள இந்த ஐந்தாறு நாள்தான் ஆண்டு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த நாள்கள். பரிந்துரை பெற்ற பத்துப் படங்களும் இன்னும் பத்துப் படங்களாகவே இருக்கின்றன.

நாளை மதியத்துக்குப் பிறகு அப்படி இருக்காது. ஒன்று 'ஆஸ்கர் படம்' ஆகிவிடும். மற்ற ஒன்பதையும் இரண்டே மாதத்தில் மறந்துவிடுவோம். 2020ஆம் ஆண்டு 'பாரசைட்' வென்றது நினைவிருக்கிறதா? விழாவுக்கு முந்தைய வாரம் என் அலுவலகத்தில் அந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆளே இல்லை. "கொரியப் படமாக்கா? சப்டைட்டில் படிக்கணுமே" என்றார்கள். விருது கிடைத்த மறுவாரம் அதே ஆட்கள் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்து கேட்ட கேள்வி: "இதுக்கா ஆஸ்கர் குடுத்தான்?"

இந்தக் கேள்வி வாயில் இருக்கும்வரை யாராலும் படம் பார்க்க முடியாது. கையில் தராசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு காட்சியையும் எடுத்து எடுத்துப் போட்டு, தங்கச் சிலைக்கு நிறை சரியாக வருகிறதா என்று பார்ப்பார்கள். அதனால்தான் நான் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக விழாவுக்கு முன்பே எல்லாவற்றையும் பார்த்துவிட முயல்கிறேன். நம் கருத்து நம்முடையதாக இருப்பதற்கு அந்த ஆறேழு வாரம்தான் அவகாசம்.

வாக்களிக்கும் 9,000க்கும் மேற்பட்ட அகாடமி உறுப்பினர்கள் எல்லாரும் எல்லாப் படங்களையும் பார்க்கிறார்களா என்று கேட்டால், அதுவும் கிடையாது. 2023இல் அயல்மொழிப் படம் போன்ற சில பிரிவுகளில் பார்த்ததாக உறுதி சொன்னால்தான் வாக்கு என்றிருந்தது. சிறந்த படம், நடிகர், நடிகை போன்ற பெரிய பிரிவுகளில் அப்போது பார்க்கச் சொல்லி ஊக்குவித்தார்கள், கட்டாயம் இருக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பெயர் சொல்லாத உறுப்பினர்கள் பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுப்பார்கள். இன்ன படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன், இன்னதைப் பார்க்கவே இல்லை என்று கூச்சமில்லாமல் சொல்வார்கள். கோலாலம்பூரில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நான் அவர்களில் சிலரைவிட அதிகப் படம் பார்த்திருப்பேன் என்பதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை உண்டு.

இந்த ஆண்டுப் பட்டியல் வெளியானது ஜனவரி 24ஆம் தேதி இரவு, சீனப் புத்தாண்டு விடுமுறையில். அப்போதே ஐந்தை நான் பார்த்து முடித்திருந்தேன். 'டாப் கன்: மேவரிக்', 'எல்விஸ்', 'அவதார்: தி வே ஆஃப் வாட்டர்' மூன்றும் திரையரங்கில். 'ஆல் குவைட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரன்ட்' நெட்ஃபிலிக்ஸில். 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' இரண்டு முறை. மீதி ஐந்துக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தங்கை தன் மகளை மெல்பர்னில் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டு வரக் கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். பிப்ரவரியில் அந்த ஊர்த் திரையரங்குகளில் ஆஸ்கர் படங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. தங்கை சட்டி பானையும் போர்வையும் வாங்க அலைந்த நேரத்தில் நான் நான்கு படம் பார்த்தேன். "பெரியம்மா, நீங்க எனக்குத் துணைக்கு வந்தீங்களா, படம் பார்க்க வந்தீங்களா?" என்று பிள்ளை கேட்டாள். இரண்டுக்கும்தான் என்றேன். ஆக ஒன்பது முடிந்தது.

எல்லாவற்றையும் பற்றி எழுத இடமில்லை, அவசியமும் இல்லை. 'அவதார்' மூன்றேகால் மணி நேரம் ஓடுகிறது. அதில் நடிப்பவர்களைவிட ஒரு திமிங்கலம் நன்றாக நடித்திருக்கிறது. 'எல்விஸ்' முதல் முக்கால் மணி நேரம் திருவிழாக் கடைத்தெரு போல இருக்கிறது. அப்புறம் நமக்கும் காது அடைத்துவிடுகிறது. 'டாப் கன்' 36 ஆண்டு கழித்து வந்த இரண்டாம் பாகம். பொழுதுபோக்குப் படத்தை ஒழுங்காக எடுப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்கள் அதைப் பழிக்க மாட்டார்கள்.

'ஆல் குவைட்' படத்தின் முதல் பத்து நிமிடத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் உலகப் போர். ஜெர்மானியச் சிப்பாய் ஒருவன் சாகிறான். அவன் உடலிலிருந்து சீருடையைக் கழற்றுகிறார்கள். மூட்டையாகக் கட்டி இரயிலில் ஏற்றி ஊருக்கு அனுப்புகிறார்கள். கொப்பரையில் போட்டு இரத்தம் போகத் துவைக்கிறார்கள். பெரிய கூடத்தில் பெண்கள் வரிசையாகத் தையல் மிசினில் உட்கார்ந்து குண்டு துளைத்த ஓட்டைகளைத் தைக்கிறார்கள். அந்த மிசின் சத்தம் இயந்திரத் துப்பாக்கிச் சத்தம் போலவே கேட்கிறது. பிறகு அதே சீருடை, போருக்குப் போகத் துடிக்கும் ஒரு பள்ளி மாணவன் கையில் கொடுக்கப்படுகிறது. உள்ளே வேறு யாருடைய பெயரோ தைத்திருக்கிறதே என்கிறான் பையன். அவனுக்கு அளவு சின்னதாகிவிட்டது, அடிக்கடி நடப்பதுதான் என்று சொல்லி அதிகாரி பெயர்த்துண்டைக் கிழித்துக் கீழே போடுகிறார். கீழே ஏற்கெனவே அப்படிப்பட்ட துண்டுகள் கிடக்கின்றன.

போரைப் பற்றி நூறு படம் பார்த்திருக்கிறேன். ஒரு துணியை வைத்துப் போர் என்றால் என்ன என்று சொன்ன படத்தைப் பார்த்ததில்லை. இதே நாவலை எடுத்த 1930ஆம் ஆண்டு அமெரிக்கப் படம் அந்தக் காலத்திலேயே சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. இப்போது ஜெர்மானியர்கள் தங்கள் மொழியிலேயே எடுத்து 9 பரிந்துரை பெற்றிருக்கிறார்கள்.

'தி பான்ஷீஸ் ஆஃப் இனிஷெரின்' படத்தில் ஒருவர் தன் நெடுநாள் நண்பனிடம் ஒருநாள் "இனிமேல் உன்னோடு பேசமாட்டேன்" என்கிறார். காரணம் சண்டை இல்லை, பணம் இல்லை. நண்பனின் பேச்சு சலித்துவிட்டது, அவ்வளவுதான். 1923, அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் நடக்கிறது. தீவில் இருப்பவர்களுக்கு அக்கரையிலிருந்து குண்டுச் சத்தம் மட்டும் கேட்கிறது. பேச்சு வார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகள் உள்ள எந்தக் குடும்பத்திலும் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டலாம். ஒரே வேண்டுகோள்: கழுதை பிடிக்கும் என்பவர்கள் பார்க்க வேண்டாம்.

ஸ்பீல்பெர்க் தன் பிள்ளைப் பருவத்தை எடுத்த 'தி ஃபேபல்மன்ஸ்' படத்தில் ஒரு காட்சி என்னை இன்னும் விடவில்லை. குடும்பம் காட்டுக்குள் முகாம் போகிறது. பையன் எல்லாவற்றையும் கேமராவில் பிடிக்கிறான். வீட்டுக்கு வந்து படச்சுருளை வெட்டி ஒட்டும்போது, பின்னணியில், ஓரத்தில், அம்மாவும் அப்பாவின் நண்பரும் நிற்கும் விதம் கண்ணில் படுகிறது. சுருளைப் பின்னால் ஓட்டுகிறான், முன்னால் ஓட்டுகிறான். நேரில் நின்று பார்த்தபோது தெரியாதது படத்தில் தெரிகிறது. சினிமா என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்த ஐந்து நிமிடம் போதும். நடுப்பகுதி கொஞ்சம் இழுவை.

'விமன் டாக்கிங்' இரண்டே பரிந்துரை பெற்ற படம். சிறந்த இயக்குநர் பட்டியலில் சேரா போலியின் பெயர் இல்லை. அந்தப் பட்டியலில் இந்த ஆண்டு பெண் ஒருவர்கூட இல்லை. உலகத்தை ஒதுக்கி வாழும் ஒரு மதக் குழுவில், ஆண்கள் இரவில் தங்களுக்கு மயக்கமருந்து கொடுத்துச் சீரழித்தார்கள் என்று பெண்கள் கண்டுபிடிக்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதா, இங்கேயே இருந்து போராடுவதா, வெளியேறுவதா? எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் மூன்று படங்கள் வரைந்து, அடியில் குறி போட்டு வாக்களிக்கிறார்கள். அப்புறம் வைக்கோல் பரணில் உட்கார்ந்து பேசுகிறார்கள். படம் முழுவதும் பேச்சுதான். கோபக்காரியும் பயந்தவளும் பக்தியானவளும் ஒருவர் மனத்தை ஒருவர் மாற்றுகிறார்கள். எங்கள் வரிசையில் ஒரு பெரியவர் தூங்கிவிட்டார். எனக்கு இந்தப் பத்தில் மறக்க முடியாத மூன்றில் அது ஒன்று. நாளை அதற்கு ஏதாவது கிடைத்தால் தழுவல் திரைக்கதைக்குத்தான் கிடைக்கும்.

வாக்கு என்றதும் சொல்ல வேண்டும். சிறந்த படத்துக்கு மட்டும் ஆஸ்கரில் வாக்கு எண்ணும் முறை வேறு. மற்ற பிரிவுகளில் அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி. இதில் உறுப்பினர்கள் பத்துப் படங்களையும் முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்த வேண்டும். எதற்கும் பாதிக்குமேல் முதலிட வாக்கு கிடைக்கவில்லை என்றால், கடைசியில் உள்ள படத்தை நீக்கி, அதற்கு முதலிடம் கொடுத்தவர்களின் வாக்கை அவர்களுடைய அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இப்படியே போகும்.

நாங்கள் தோழிகள் ஒன்பது பேர் வாட்ஸ்அப்பில் இதைச் செய்து பார்த்தோம். முதல் சுற்றில் 'டாப் கன்' 3, 'எவ்ரிதிங்' 3, 'ஆல் குவைட்' 2, 'ஃபேபல்மன்ஸ்' 1. 'ஃபேபல்மன்ஸ்' நீங்கியது, அந்தத் தோழியின் இரண்டாம் விருப்பம் 'எவ்ரிதிங்', அது 4 ஆனது. அடுத்து 'ஆல் குவைட்' நீங்கியது. அதன் இரண்டு வாக்கும் ஆளுக்கொன்றாகப் பிரிந்தன. 'எவ்ரிதிங்' 5, 'டாப் கன்' 4. முடிந்தது. முதல் சுற்றில் இரண்டும் சமம்தான். ஆனால் விமானப் படத்துக்கு முதலிடம் கொடுக்காதவர்களில் பலர் அதைக் கடைசியில் வைத்திருந்தார்கள். நாலு பேர் உயிரை விடும் படத்தைவிட எல்லாரும் இரண்டாவது மூன்றாவதாக வைக்கும் படம் ஜெயிக்கும் முறை இது. சில ஆண்டு முடிவுகளைப் பார்த்து "எப்படி இது வந்துச்சு?" என்று நாம் விழிப்பதற்குக் காரணம் பாதி இந்தக் கணக்குதான்.

இனி எல்லாரும் என்னைக் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ஈப்போக்காரி வாங்குவாரா?

டான்ஸ்ரீ மிஷல் இயோ 1962இல் ஈப்போவில் பிறந்தார். கான்வென்ட் பள்ளியில் படித்தார், இங்கிலாந்துக்குப் போய் பாலே நடனம் கற்றார், 1983இல் மிஸ் மலேசியா ஆனார், ஹாங்காங் போய் அடிதடிப் படங்களில் நடித்தார். 'போலீஸ் ஸ்டோரி 3' படத்தில் ஓடும் இரயில்மேல் மோட்டார் சைக்கிளோடு பாய்ந்தது அவரேதான். 2000இல் வந்த 'குரோச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' 10 பரிந்துரை பெற்று 4 ஆஸ்கர் வாங்கியது. அதில் நடித்த ஒருவருக்கும் பரிந்துரைகூட இல்லை. இப்போது 60 வயதில் முதல் பரிந்துரை. சிறந்த நடிகைப் பிரிவில் இதற்குமுன் 1930களில் பரிந்துரை பெற்ற மெர்ல் ஓபரான் பம்பாயில் பிறந்தவர். ஆனால் டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லித் தன் ஆசிய வேரைக் கடைசிவரை மறைத்தே வாழ்ந்தார். ஆசியர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு இந்தப் பட்டியலில் நிற்கும் முதல் பெண் மிஷல்தான். வெள்ளையர் அல்லாத பெண்களில் இந்த விருதை 2022 வரை வாங்கியவர் ஒருவரே, 2002இல் ஹாலி பெர்ரி.

அலுவலகத்தில் ஒருவர் சொன்னார்: "அவங்க சீனவங்க லா. வாங்கினா அவங்களுக்குப் பெருமை, நமக்கு என்னக்கா?" இன்னொரு பக்கம், படத்தையே பார்க்காமல் "மலேசியா போலே" என்று ஸ்டேட்டஸ் போட்டவர்கள். இரண்டும் எனக்கு ஒத்துவரவில்லை. நானும் ஈப்போவில் பிறந்தவள்தான். அதற்காக மட்டும் கைதட்டினால் அது அவருடைய நடிப்புக்குச் செய்யும் மரியாதை இல்லை. அதனால் போட்டியில் இருக்கும் மற்ற நான்கு பேரையும் பார்த்துவிட்டுத்தான் என் வாக்கைச் சொல்வது என்று இருந்தேன்.

'பிளான்ட்' படத்தில் அனா டி ஆர்மாஸ் உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார். படம் மர்லின் மன்றோவை மறுபடி ஒருமுறை வதைக்கிறது. இரண்டு தவணையாகத்தான் பார்க்க முடிந்தது. 'ஃபேபல்மன்ஸ்' அம்மாவாக மிஷல் வில்லியம்ஸ் காரின் முன்விளக்கு வெளிச்சத்தில் ஆடும் ஆட்டத்தை நான் மறக்கமாட்டேன். 'டு லெஸ்லி' ஆண்ட்ரியா ரைஸ்பரோவைச் சந்தேகத்தோடுதான் பார்க்க உட்கார்ந்தேன். அமெரிக்கத் திரையரங்குகளில் சுமார் 27,000 டாலர் மட்டுமே வசூலித்த படம்; திடீரென்று பெரிய பெரிய நட்சத்திரங்கள் ஒரே மாதிரி வார்த்தைகளில் புகழ்ந்து எழுத, பெயர் பட்டியலில் ஏறியது. 'டில்' டேனியல் டெட்வைலரும் 'தி வுமன் கிங்' வயோலா டேவிஸும் வெளியே நின்றார்கள். அகாடமி விசாரித்துவிட்டுப் பரிந்துரை செல்லும் என்றது. சந்தேகம் எல்லாம் இருபது நிமிடத்தில் போய்விட்டது. லாட்டரிப் பணத்தைக் குடித்தே அழித்த ஒரு தாயாக அந்தப் பெண் நடிக்கவே இல்லை, இருக்கிறார். அதனால் மற்ற இருவருக்கு நடந்தது நியாயம் ஆகிவிடாது.

அப்புறம் கேட் பிளான்செட். 'டார்' படத்தில் அவர் பெர்லின் இசைக்குழுவை நடத்தும் லிடியா டார். மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் காட்சி ஏறக்குறைய பத்து நிமிடம், வெட்டே இல்லாமல் போகிறது. பேசிக்கொண்டே பியானோ வாசிக்கிறார், கிண்டல் செய்கிறார், ஒரு பையனை மெல்ல மெல்ல மிதிக்கிறார். அதிகாரம் ருசித்துப்போன மனிதர்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்று அன்றைக்குத்தான் உன்னிப்பாகப் பார்த்தேன். பிரிட்டிஷ் பாஃப்டா விருது அவருக்குத்தான் போனது. நடிகர் சங்க விருது மிஷலுக்கு. கோல்டன் குளோப் தனித்தனிப் பிரிவுகளில் இருவருக்கும்.

படத்தின் முடிவைச் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். புகழ் எல்லாம் போன லிடியா, பெயர் சொல்லப்படாத ஒரு தென்கிழக்காசிய நாட்டுக்கு வருகிறாள். வெக்கை, நெரிசல், ஆறு, முதலை பற்றிய பேச்சு. அங்கே வேடமணிந்த ரசிகர்களுக்கு முன் ஒரு வீடியோ கேம் இசையை நடத்துகிறாள். மெல்பர்ன் அரங்கில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வீழ்ச்சியின் அடிமட்டமாகக் காட்டப்படுவது நம்ம பக்கத்து வீடு. பெர்லினிலிருந்து பார்த்தால் நாம் இருக்கும் இடம் தண்டனைத் தீவு. வந்த இடத்திலும் அவள் ஒழுங்காகத்தான் ஒத்திகை நடத்துகிறாள், இசையை மதிக்கிறாள் என்று படத்துக்காக வாதாடுபவர்கள் சொல்வது சரிதான். இருந்தாலும் அந்த இருட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு எனக்கு நாற்காலி கொஞ்சம் குத்தியது.

அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து போனவர்தான் எதிரே நிற்கும் மிஷல்.

'எவ்ரிதிங் எவ்ரிவேர்' படத்தில் அவர் அமெரிக்காவில் டோபி கடை நடத்தும் சீனப் பெண் எவ்லின். மேசை நிறைய ரசீது. வருமான வரி அலுவலகத்தில் கணக்குக் கேட்கிறார்கள். (மார்ச் மாதம் நம் வீட்டு மேசையும் அப்படித்தான் இருக்கிறது.) கணவனோடு மாண்டரின், அப்பாவோடு கண்டோனீஸ், மகளோடு உடைந்த ஆங்கிலம். அம்மாவிடம் தமிழ், கவுன்டரில் மலாய், பிள்ளைகளிடம் ஆங்கிலம் என்று காலையிலிருந்து மாலைவரை நாக்கை மாற்றி மாற்றிப் போடும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல உலகங்கள், விரலுக்குப் பதில் சாசேஜ், பேசாமல் பேசும் இரண்டு பாறை என்று படம் கன்னாபின்னாவென்று ஓடுகிறது. முதல்முறை பார்த்தபோது எனக்கே தலை சுற்றியது. ஆனால் நடுவில் இருக்கும் முடிச்சு சின்னது. மகளுக்கு ஒரு பெண் துணை இருக்கிறாள். அதைத் தாத்தாவிடம் சொல்ல எவ்லினுக்கு வாய் வரவில்லை, "நல்ல தோழி" என்று மழுப்புகிறாள். மகள் முகம் வாடிப்போகிறது. இந்த ஒரு வார்த்தையைச் சரியாகச் சொல்வதற்கு அம்மாவுக்கு இரண்டு மணி நேரமும் எத்தனையோ உலகங்களும் தேவைப்படுகின்றன.

என் வாக்கு மிஷலுக்கு. காரணம் ஊர் இல்லை. இரண்டாம்முறை பார்க்கும்போது அவர் கைகளைக் கவனித்தேன். நாற்பது ஆண்டாகச் சண்டைக் காட்சிகளில் பழகிய உடம்பு அது. ஆனால் படத்தின் முதல் பாதியில் எவ்லினுக்குக் கையை ஓங்கக்கூடத் தெரியவில்லை. தோள் கூனியிருக்கிறது, ஓட்டம் தடுமாறுகிறது, அடி விழுந்தால் நம் வீட்டு அத்தை மாதிரி விழுகிறார். பிளான்செட் இந்தப் படத்துக்காக ஜெர்மன் பேசவும் இசைக்குழு நடத்தவும் கற்றுக்கொண்டார். தெரிந்ததை எல்லாம் உடம்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு ஒரு கடைக்காரியாக நிற்பது அதைவிடக் கடினம் என்பது என் கணிப்பு. இந்தப் பாத்திரம் முதலில் ஜாக்கி சானை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாம். நல்லவேளை.

கணவனாக வரும் கீ ஹுய் குவானையும் சொல்லாமல் விட முடியாது. வியட்நாமிலிருந்து குடும்பம் அகதிகளாகப் பிரிந்து ஓடியபோது, இவர் அப்பாவோடு ஹாங்காங் போனார்; அம்மாவும் சில உடன்பிறப்புகளும் வந்து சேர்ந்தது மலேசியாவுக்கு. 1984இல் 'இந்தியானா ஜோன்ஸ்' படத்தில் குறும்புப் பையனாக வந்தவர், பிறகு வாய்ப்பில்லாமல் பல ஆண்டு நடிப்பையே விட்டிருந்தார். துணை நடிகர் விருது அவருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஊர்ப்பாசம் இன்னோர் இடத்திலும் என்னைச் சோதித்தது. ஆவணக் குறும்படப் பிரிவில் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்'. முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் ரகு, அம்மு என்ற இரண்டு குட்டிகளை வளர்க்கும் பொம்மனும் பெள்ளியும். ஆஸ்கர் பட்டியலில் உள்ள ஒரு படத்தில் தமிழ் கேட்கிறது! கணவனைப் புலிக்குக் கொடுத்த பெள்ளி அந்தக் குட்டிகளிடம் பேசும் தமிழ், எந்தப் பின்னணிக் குரலும் இல்லாமல் நேராக உள்ளே போகிறது. வளர்த்த ரகுவை வேறு ஆளிடம் ஒப்படைக்கச் சொல்லி அழைத்துப் போகும்போது என் தங்கை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நெட்ஃபிலிக்ஸில் இருக்கிறது, 40 நிமிடம்தான், பிள்ளைகளோடு பாருங்கள்.

ஆனால் அதே பிரிவில் 'ஹால்அவுட்' என்று 25 நிமிடப் படம் ஒன்று இருக்கிறது. யூடியூபில் காசில்லாமல் பார்க்கலாம். சைபீரியக் கடலோரத்தில் ஒரு மரக்குடிசை, ஒரு விஞ்ஞானி. பத்து நிமிடம் அவர் காத்திருக்கிறார், டப்பா உணவு சாப்பிடுகிறார், புகைக்கிறார். எதற்கென்று சொல்லவே இல்லை. ஒரு காலை குடிசைக் கதவைத் திறக்கிறார். அதற்குமேல் சொல்லமாட்டேன், நான் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். யானைப் படம் அழகான படம், அதன் இசை நமக்கு எங்கே உருக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருகிறது. 'ஹால்அவுட்' ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. என் கையில் வாக்குச்சீட்டு இருந்தால் குறி அங்கேதான் விழும். பொம்மனும் பெள்ளியும் ஜெயித்தால் முதலில் குதிப்பவளும் நான்தான். இரண்டும் எப்படி என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது.

'ஆர்ஆர்ஆர்' பாட்டைப் பற்றி எழுதாவிட்டால் அடுத்த வாரம் கடிதம் வரும். நம் கல்யாண மண்டபங்களில் 'நாட்டுக் கூத்து' என்று ஆடும் அதே பாட்டின் தெலுங்கு மூலம்தான் போட்டியில் இருக்கிறது. இசையமைத்த கீரவாணியை நமக்கு 1991லேயே தெரியும். பாலசந்தரின் 'அழகன்' படத்தில் மரகதமணி என்ற பெயரில் இசையமைத்தவர் அவர்தான். ரிஹானாவும் லேடி காகாவும் எதிரே நிற்கிறார்கள். இருந்தாலும் இந்தப் பிரிவில் எனக்குப் பயமில்லை. கீவ் நகரத்து மாளிகைக்கு முன்னால் அந்த ஆட்டத்தைப் படம்பிடித்தது 2021 ஆகஸ்டில், போர் தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பு.

நாளை எனக்கு வேலைநாள். எட்டு மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும்; கைப்பேசியை மேலாளர் கண்ணில் படாமல் எங்கே சாய்த்து வைப்பது என்று யோசித்துவிட்டேன். சிறந்த நடிகை அறிவிப்பு எப்படியும் கடைசியில்தான், பதினொரு மணியைத் தாண்டும். தேநீர் நேரத்தைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.

பத்தில் பாக்கி இருப்பது 'ட்ரையாங்கிள் ஆஃப் சாட்னஸ்' ஒன்றுதான். இரண்டரை மணி நேரம். பணக்காரர்கள் போகும் உல்லாசக் கப்பல் புயலில் சிக்கி, விருந்து மேசையில் எல்லாரும் வாந்தி எடுக்கும் நீண்ட காட்சி ஒன்று இருக்கிறதாம். இன்றிரவு பார்க்கப் போகிறேன். சாப்பாட்டை ஆறு மணிக்கே முடித்துக்கொள்ளச் சொல்லி வீட்டில் அறிவித்தாகிவிட்டது.